நடுவர் இல்லாத மேசை

வாட்டர்லூ ஸ்திரீட்டில் நம் கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் பக்கத்துக் குவான் இம் கோயிலைத் தெரியும். சீனப் புத்தாண்டுச் சமயத்தில் பூக்காரர்களையும் ஊதுபத்திப் புகையையும் தாண்டி நடப்பதே பெரும்பாடு. அங்கே கும்பிட்டுவிட்டு வருகிற சீனர்கள் பலர் அப்படியே நம் கோயில் வாசலிலும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஐம்பது வருடமாக நானும் பார்க்கிறேன். அந்தக் குவான் இம் கோயிலின் பெயரில் ஒரு தத்துவப் பேராசிரியருக்கு இருக்கை இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இருக்கை என்றால் உட்காருகிற நாற்காலி இல்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை வைக்க நாமெல்லாம் காசு கொடுத்தோமே, அதுபோல. யேல்-என்யுஎஸ் கல்லூரியில் அந்த இருக்கையில் முதலில் அமர்ந்தவர்களில் ஒருவர் ஜே கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். நாகார்ஜுனருடைய மூல நூலைத் திபெத்திய மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவர். அது 1995இல் வந்தது. சாரநாத்தில் திபெத்தியப் பிக்குகளோடு உட்கார்ந்து பாடம் கேட்டவர். நாகார்ஜுனர் தென்னாட்டுக்காரர் என்பது மரபு. நம் ஊர்ச் சரக்கு திபெத்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போய், கடைசியில் சீனக் கோயில் இருக்கையில் அமர்ந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் சொன்னபோது பேத்தி சிரித்தாள்.

பேத்தி என்றால் என் தங்கையின் பேத்தி. எனக்கும் பேத்திதான்.

அந்தக் கல்லூரியைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். 2011இல் அறிவித்தார்கள். 2013இல் முதல் மாணவர்கள் நுழைந்தார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. பட்டம் கொடுத்தது நம் பல்கலைக்கழகம். என் மருமகள், அதாவது பேத்தியின் அம்மா, எல்லாரிடமும் "யேல்ல படிக்கிறா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தப் போகவில்லை. லிபரல் ஆர்ட்ஸ் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வீட்டில் ஒரு நாள் பேச்சு வந்தது. "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்" என்றாள் என் மனைவி. அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

பேத்தி 2014இல் சேர்ந்தாள். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. நல்ல மதிப்பெண், சட்டம் படிக்கலாம், கணக்கியல் படிக்கலாம். தத்துவமும் இலக்கியமும் படித்து என்ன செய்யப்போகிறாள், கோப்பிக்கடை வைக்கப்போகிறாளா என்று அவள் அப்பா கேட்டார். அதோடு விடுதியிலேயே தங்க வேண்டும் என்பது அங்கே விதி. ஈசூனிலிருந்து எம்ஆர்டியில் ஏறினால் போய்விடலாம். அதற்கு என் மருமகள் அழுத அழுகையைப் பார்த்தால் பிள்ளையை அண்டார்க்டிகாவுக்கு அனுப்புகிறாள் என்று தோன்றும்.

முதல் மாதமே பேத்தி எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அவளும் அழுதாள். காரணம் வேறு. வகுப்பில் இருபது பேருக்கும் குறைவு. ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. வாசித்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேச வேண்டும். பெயர்பெற்ற பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் தொலைக்காட்சிச் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி பேசுகிறார்களாம். இவள் அக்கம்பக்கப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவள். வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. "தாத்தா, நோட்ஸ் குடுத்தா ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சிடுவேன். இங்க எதைப் படிக்கிறதுன்னே தெரியல" என்றாள்.

இதைக் கேட்டதும் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முப்பத்து நான்கு வருடம் உயர்நிலைப்பள்ளியில் வரலாறும் புவியியலும் நோட்ஸ் கொடுத்தே கற்பித்தவன் நான். பேசிப் பேசிப் படிப்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சரி, நம் பிள்ளைகளுக்கு நோட்ஸ்தான் ஏணி என்று நம்பியவன். பத்தாண்டுத் தொகுப்பைக் கரைத்துக் குடித்த பிள்ளை தேறும், தேறினால் வேலை, வேலை கிடைத்தால் வீடு. அந்தக் கணக்கு தப்பென்று இப்போதும் சொல்லமாட்டேன்.

ஆனால் அவள் வகுப்பு ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். பேசாமல் இருக்கிற பிள்ளைகளைப் பார்த்து "நீயும் பேசு" என்று குச்சி எடுக்கவில்லை. வகுப்புக்கு முந்தைய இரவு எல்லாரும் ஒரு கேள்வி எழுதி அனுப்ப வேண்டும் என்றார். பதில் வேண்டாம், கேள்வி மட்டும். மறுநாள் அதிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் போட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவார். மூன்றாவது வாரம் பேத்தியின் கேள்வி மேசைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் அழைத்து அழவில்லை.

அங்கே எல்லாரும் முதலாண்டில் தத்துவம் படித்தாக வேண்டும். பின்னால் கணிதம் படிக்கப்போகிறவரானாலும் சரி, உயிரியல் படிக்கப்போகிறவரானாலும் சரி. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் உண்டு. அதே மேசையில் மென்சியஸும் உண்டு, இந்தியப் பௌத்தர்களும் உண்டு. கார்ஃபீல்ட் ஊன்றி நின்றது இந்த இடத்தில்தான். 2016இல் பிரையன் வான் நார்டன் என்ற இன்னொரு தத்துவப் பேராசிரியரோடு சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பிய, அமெரிக்கச் சிந்தனையை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு 'தத்துவத் துறை' என்று பலகை மாட்டிக்கொள்வது ஏன், 'ஐரோப்பிய, அமெரிக்கத் தத்துவத் துறை' என்று மாட்டிக்கொள்ளட்டுமே என்பது வாதம். அமெரிக்காவில் பெரிய சலசலப்பு உண்டாயிற்று. அந்த வான் நார்டனும் பின்னால் இதே குவான் இம் கோயில் இருக்கைக்கு வந்தார். சீனத் தத்துவம் படித்த அமெரிக்கர், மென்சியஸை மொழிபெயர்த்தவர்.

ஆக, புத்தகங்களில் பாதி நம் பக்கத்தவை. அமெரிக்காவிலிருந்து வந்தது மேசைதான்.

அந்த மேசையைப் பற்றி எனக்குப் புரிந்தது 2014 தீபாவளி அன்று. சன் டிவியில் வழக்கம்போலப் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். கையில் ஆங்கிலத்தில் வால்மீகி ராமாயணம். அவர்களுக்கு இலக்கிய வகுப்பில் ராமாயணமும் ஹோமரின் ஒடிசியும் பாடம். வாலியை ராமன் மறைந்திருந்து கொன்றது சரியா என்று அந்த வாரம் வகுப்பில் பேசினார்களாம்.

விடுவேனா? எத்தனை பட்டிமன்றங்களில் கேட்டிருக்கிறேன், இரண்டு முறை நானே ஏறிப் பேசியும் இருக்கிறேன். கம்பனில் வாலி கேட்கிற கேள்விகள், ராமன் சொல்கிற பதில், இலக்குவன் குறுக்கே சொல்கிற சமாதானம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். தம்பி மனைவியைக் கவர்ந்தவன். அரசனுக்குத் தண்டிக்கும் உரிமை உண்டு. எதிரே நின்றால் சரணடைந்துவிடுவான், பிறகு கொல்ல முடியாது. இருபது நிமிடம் பேசினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், "தாத்தா, இதெல்லாம் ராமன் பக்கத்து பதில். இவ்வளவு கோபமாக் கேட்ட வாலி கடைசியில ஏன் ஒத்துக்கிட்டான்? அவன் மனசு எந்த இடத்துல மாறுச்சு?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருடமாக இந்தக் கதையைப் பேசுகிறேன். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

பிறகு அவர்கள் வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். தேசிய சேவை முடித்துவிட்டு வந்த ஒரு சீனப் பையன், "மறைந்திருந்து சுடுவதைத்தான் எங்களுக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். காட்டில் எழுந்து நின்று சுட்டால் சார்ஜென்ட் திட்டுவார். இதில் என்ன அதர்மம்?" என்று கேட்டானாம். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் ஆசிரியர், அது போரா, தண்டனையா, வேட்டையா என்று கேட்டார். மூன்றுக்கும் விதி வேறல்லவா? இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண், இந்தக் கேள்வியை என் வீட்டில் கேட்கவே முடியாது என்றாள். நம் பேத்தி ராமனுக்காகப் பேச ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். "இதை நான் இப்போது நம்பவில்லை என்று நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

"எல்லாரும் சிரிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் சிரிக்கணும்? சார் என்கிட்ட, எந்த இடத்துல மாறுச்சுன்னு மட்டும் கேட்டார். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அதையேதான் பேசினோம்."

"கடைசியில் எது சரின்னு முடிவாச்சு?"

"முடிவாகல தாத்தா. மணி ஆயிடுச்சு."

தொலைக்காட்சியில் நடுவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டிமன்றம் எனக்கு உயிர். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஓர் அணியில் உட்கார்ந்தவர் எழுந்து, "எதிரணி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது" என்று சொன்னதை என் ஆயுளில் பார்த்ததில்லை. சொன்னால் அவரை அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். அணி முன்கூட்டியே பிரித்தாயிற்று, தீர்ப்பும் பாதி முன்கூட்டியே தெரியும். அது வேறு கலை.

அன்று இரவு எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். எண்பதுகளில் ஒரு மதியம், உயர்நிலை இரண்டு, மின்விசிறி ஓடாத வகுப்பு. ராஃபிள்ஸ் 1819இல் நவீன சிங்கப்பூரை நிறுவினார் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், தெமெங்கோங் அதுக்கு முன்னாடியே இங்க ஆளுங்களோட இருந்தார்னு போன வாரம் சொன்னீங்க. அப்ப ராஃபிள்ஸ் எப்படி நிறுவினவர்?" நல்ல கேள்வி. நான் சொன்ன இரண்டு வாக்கியங்களை ஒன்றோடொன்று மோதவிட்டிருக்கிறான். அதற்குக் கேட்டு நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "பத்தாண்டுத் தொகுப்பைப் பார். இந்தக் கேள்வி அதில் இருக்கா? உட்கார்." வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் எழுந்திருக்கவில்லை.

2019இல் இருநூற்றாண்டு நினைவு வந்தபோது, ஆற்றங்கரை ராஃபிள்ஸ் சிலைக்குப் பின்னாலிருக்கும் கட்டடத்தோடு கலந்து மறைவதுபோல வண்ணம் பூசினார்கள், நினைவிருக்கிறதா? பிறகு பக்கத்திலேயே சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நம் நாராயண பிள்ளை என்று நான்கு சிலைகளை வைத்தார்கள். மனைவியோடு போய்ப் பார்த்தேன். நாராயண பிள்ளை சிலையோடு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். பெயர் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இனிஷியல் மட்டும் தெரிகிறது.

கல்லூரியைப் பற்றிக் குறையும் சொல்ல வேண்டும். செலவு மிக அதிகம். இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் யார் தலையிலாவது அந்தப் பணம் விழத்தான் செய்யும். இன்னொன்று, தொடங்கும் முன்பே கேட்கப்பட்ட கேள்வி. கூட்டம் கூடவும் ஊர்வலம் போகவும் இத்தனை கட்டுப்பாடு இருக்கிற நாட்டில் சுதந்திரமான கலந்துரையாடல் எப்படி நடக்கும் என்று யேலின் ஆசிரியர்களே கவலைப்பட்டு 2012 ஏப்ரலில் தீர்மானம் போட்டார்கள். அவர்களுடைய ஊரை அவர்கள் முதலில் பார்க்கட்டும் என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. 2019 செப்டம்பரில், மாற்றுக்கருத்தைப் பற்றிய ஒரு வாரப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் ரத்து செய்தபோது, அந்தக் கோபம் கொஞ்சம் குறைந்தது. கல்லூரி தன் காரணங்களைச் சொன்னது. நாடாளுமன்றத்திலும் பேசினார்கள். பேத்தி அதற்குள் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருந்தாள். "மேசைக்கு ஒரு ஓரம் இருக்குன்னு எங்களுக்கு எப்பவுமே தெரியும் தாத்தா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

2021 ஆகஸ்ட் 27. காலையில் அறிவிப்பு வந்தது. கல்லூரியை இன்னொரு திட்டத்தோடு இணைத்துப் புதுக் கல்லூரி தொடங்கப்போகிறார்கள்; அந்த ஆண்டு சேர்ந்தவர்களே கடைசி; 2025இல் அவர்கள் முடித்ததும் பெயர் போய்விடும். எதிர்பார்த்த அளவுக்கு அறநிதி திரளவில்லை என்பது பின்னால் சொன்ன காரணங்களில் ஒன்று. இருக்கலாம். கணக்கு வழக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் மேசையில் போட்டுப் பேசு என்று கற்றுக்கொடுத்த இடத்தை மூடுவது பற்றி, அந்த மேசையைச் சுற்றியிருந்த மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேத்தி அன்று மாலை நேரே என் வீட்டுக்கு வந்தாள். பேசவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் பழைய நண்பரை அழைத்தேன். என்னோடு ஒரே பள்ளியில் கணிதம் கற்பித்தவர். நன்யாங் பல்கலைக்கழகத்தில், நாம் நன்தா என்போமே, அங்கே படித்தவர். கோப்பிக்கடையில் கூடி உட்கார விடாத கொவிட் காலம், அதனால் வீட்டுக்கே வரச் சொன்னேன். முகக்கவசத்தோடு வந்தார்.

இளைய வாசகர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நன்தா சீன மக்கள் காசு சேர்த்துக் கட்டிய பல்கலைக்கழகம். 1956இல் வகுப்புகள் தொடங்கின. பெரிய முதலாளிகளும் கொடுத்தார்கள், டிரைஷா ஓட்டிகளும் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். நண்பரின் அப்பா டிரைஷா ஓட்டியவர். 1980இல் அதைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். ஜூரோங் வெஸ்ட்டில் வீவக வீடுகளுக்கு நடுவே அதன் பழைய நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது.

நண்பருக்கு ஆங்கிலம் உடைந்துதான் வரும். பேத்திக்குச் சீனம் தெரியாது. இரண்டு மணி நேரம் பேசினார்கள். நான் கோப்பி போட்டுக் கொடுத்ததோடு சரி. "உங்ககிட்ட கேட்டாங்களா?" என்று அவள் கேட்டாள். அவர் கையை மட்டும் விரித்தார். பிறகு சொன்னார்: "கட்டடம் எங்கும் போகாது. நீ தேட வேண்டியது ஆட்களைத்தான். வருடத்துக்கு ஒரு முறை விருந்துக்குக் கூடுங்கள். நாங்கள் ஆரம்பத்தில் நாற்பது மேசை போட்டோம். எங்களுக்குப் பின்னால் புதிதாக யாரும் வரமாட்டார்களே, அதனால் குறைந்துகொண்டே வரும். போன தடவை மூன்று மேசை."

பேத்தி அப்போதுதான் அழுதாள்.

2025 மே மாதம், கடைசிப் பிள்ளைகள் பட்டம் வாங்குகிற சமயத்தில், அந்தக் கல்லூரி நூலகப் புத்தகங்கள் மறுசுழற்சி லாரியில் ஏறியதைப் படம் பிடித்துப் போட்டார்கள். ஊரே கொதித்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. நண்பர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். எங்கள் பேச்சு அன்று ஒரு நிமிடத்துக்கு மேல் நீளவில்லை.

நான் ஒரு சின்ன வேலை செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் முதியோர் நடவடிக்கை நிலையத்தில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை பேசுகிறோம். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னபோது என்ன விளையாட்டா என்று கேட்டார்கள். முதல் மூன்று வாரம் ஆளுக்குப் பத்து நிமிடம் மேடைப்பேச்சு, கைதட்டல். நான்காவது வாரம் கர்ணன். கர்ணன் துரியோதனனை விட்டுப் போயிருக்கலாமா என்று கேட்டேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், செஞ்சோற்றுக் கடன் என்று கணீரென்று ஆரம்பித்தார். நடுவில் குரல் இறங்கிவிட்டது. "ஒரு முதலாளிகிட்ட இருபது வருசம் நன்றி நன்றின்னு இருந்தேன். அது நன்றியா, பயமான்னு இப்பத்தான் யோசிக்கிறேன்" என்றார். எனக்கு நாக்கு நுனியில் ஒரு தீர்ப்பு வந்து நின்றது. பேத்தியை நினைத்து அடக்கிக்கொண்டேன். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த அம்மா, அவர் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வரும் சனிக்கிழமை வாலி. பேத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நன்தா நண்பரும் வருகிறாராம். தமிழ் தெரியாதே என்றால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும் என்கிறார். நிலையத்தில் நாற்காலிகள் பன்னிரண்டுதான் இருக்கின்றன. வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.